ஏழாவது காவலன்

பொறுமை பேரறம் என்று மாணவருக்குக் கற்பித்து வருகின்றோம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று கூறி, கரும்பலகையில் ‘பொறையுடைமை’ என எழுதிப் பாடத்தைத் தொடங்குவது எம்மனோர் வழக்கம். சில மாதங்களுக்கு முன் அவ்வாறு தொடங்கியபொழுது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “காத்துக்கொண்டிருக்கிறவனுக்கு இடம் வராமலே போனால் அவன்ரை பொறுமைக்கு என்ன பெயர், சேர்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆயின் அவ்வினா என்னை விட்டபாடில்லை. வள்ளுவர் பேசுவது தீங்கு செய்தாரைப் பொறுத்தல். மாணவன் கேட்டது வாய்ப்புக்காகக் காத்துக்கிடத்தல். இரண்டும் வேறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் நமது சமுதாயம் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதும், அவ்வாறு அழைப்பதனால் சிலருக்கு நன்மை விளைவதும் தற்செயலானவைதாமா?

இவ்வினாவோடு அலைந்தபோது நான் சென்று நின்ற இடம் நான் எதிர்பாராதது. நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரில், அவர்கள் அங்கு செல்வதற்குப் பல்லாண்டுகள் முன்னர், பனிக்கட்டித் தரைமீது ஹொக்கி விளையாடிப் பிழைத்த சிலரின் வரலாறு அது. பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையில் மட்டுமே கண்ட நமக்கு அவ்விளையாட்டைச் சிறிது விளக்கிக் கூறல் வேண்டும். இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட பனித்தரை. காலிற் சறுக்குச் சப்பாத்து, கையில் மட்டை. பந்துக்குப் பதிலாக ஓரங்குலத் தடிப்பும் மூன்றங்குல விட்டமும் உடைய கெட்டி இறப்பர்த் தட்டு. ஆறடி அகலமும் நாலடி உயரமும் கொண்ட கோலின் முன்னே ஒருவன் நின்று, மணிக்கு நூறு மைல் வரை விரைந்துவரும் அத்தட்டைத் தன் உடம்பினால் மறிக்க வேண்டும். பந்தே இல்லாத விளையாட்டாதலின் ‘பந்துக் காப்பாளர்’ என்னும் நமது வழக்குச் சொல் இங்குப் பொருந்தாது. கோல் காப்பாளர் என்றே எழுதுகின்றேன். 1959 வரை அம்மனிதர் ஏறத்தாழ அனைவரும் முகத்தில் எந்தக் காப்பும் இன்றியே நின்றனர் என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

1942 முதல் 1967 வரை வட அமெரிக்காவின் தலையாய தொழில்முறைச் சங்கமான தேசிய ஹொக்கி லீக்கில் இருந்தவை ஆறே கழகங்கள்: மொன்றியல், ரொறன்ரோ, பொஸ்ரன், நியூயோர்க், டெற்றோயிற், சிக்காகோ. கழகத்திற்கு ஒரு காப்பாளர். மற்றை ஆட்டக்காரர்கள் நிமிடத்திற்கொரு தடவை மாறி மாறி இறங்குவர், காப்பாளன் மாறுவதில்லை. ஆகவே இரு நாடுகள் பரந்த ஒரு கண்டத்தில் இத்தொழிலுக்கு இருந்த மேலிடங்கள் ஆறு. ஏழாவது ஆள் எத்துணை வல்லவனாயினும் கிளீவ்லன்ட், புரொவிடன்ஸ், ஸ்பிறிங்பீல்ட், வான்கூவர் போன்ற நகர்களின் கீழ்நிலைச் சங்கங்களில் குறைந்த கூலிக்கு, பஸ்ஸில் இரவெல்லாம் பயணஞ் செய்து ஆடவேண்டியதே. ஊர் ஊராகக் கைமாறும் இத்தகையோருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் பழைய கைவினைச் சங்கங்களிலிருந்து வந்தது. தொழில் பயின்று முடித்தும் சொந்தப் பட்டறை வைக்க இயலாது பிறர் பட்டறையில் நாட்கூலிக்கு உழைப்பவன் என்பது அதன் முதற்பொருள். விளையாட்டுப் பத்திரிகையாளர் எவ்வளவு பொருத்தமான சொல்லை அறியாமலே கையாண்டுவிட்டனர்!

ஜோனி பௌவர் அத்தகைய ஒருவர். 1924இல் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்துப் பிரின்ஸ் அல்பேட் என்னும் ஊரில், உக்ரேனிய வழிவந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஒரே ஆண். பழைய மெத்தையை வெட்டிக் கால்காப்பு ஆக்கியும், மரக்கிளையை வளைத்து மட்டை ஆக்கியும் விளையாடப் பழகினார் என்பர். உலகப் போரிற் படையிற் சேவை செய்து திரும்பி, 1945இல் கீழ்ச்சங்கத்துக் கிளீவ்லன்ட் கழகத்திற் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, இருபத்தெட்டு வயதில், நியூயோர்க் கழகம் அவரை அழைத்தது. 1953-54 பருவத்தின் எழுபது ஆட்டங்களிலும் அவரே நின்றார். 29 வெற்றி, 31 தோல்வி, 10 சமநிலை. பலவீனமான அணிக்கு இது கீழான பெறுபேறு அன்று. அடுத்த ஆண்டு அவர் இல்லை. மீண்டும் கீழே, மேலும் நான்கு ஆண்டுகள். அந்நான்கில் இறுதி மூன்று ஆண்டுகளும் அமெரிக்க ஹொக்கி லீக் என்னும் கீழ்ச்சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்கே கிடைத்தது. சிறந்தவன் என்று மும்முறை பட்டயம் எழுதிக் கொடுத்து, அங்கேயே இரு என்றும் சொல்வது விந்தையான மரியாதைதான்.

1958இல் ரொறன்ரோ அவரைப் பெற்றது. வயது முப்பத்து மூன்று. பிற ஆட்டக்காரர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் பருவம். 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவ்வணி ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. நான்கிலும் பௌவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதில் தம் இறுதி ஆட்டத்தை ஆடினார். 2017 டிசம்பரில் மறைந்தபோது அவரைப் புகழ்ந்து எழுதியோர் பலரும் ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப எழுதினர்: பொறுமை.

இங்கேதான் என் மாணவனுடைய வினா குறுக்கே வருகின்றது. பௌவருக்கு இடம் கிடைத்தபடியால் அவர் காத்திருந்தது பொறுமை ஆயிற்று. 1958இல் ரொறன்ரோ வேறொருவரை எடுத்திருப்பின், அதே மனிதர், அதே திறமை, அதே பன்னிரண்டு ஆண்டுகள். அவற்றுக்கு எவரும் பெயரிட்டிருக்கமாட்டார். வெற்றியிலிருந்து பின்னோக்கிப் பார்த்துச் சூட்டப்படும் அறத்தை அறம் என ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

1953இல் நியூயோர்க் அவரை அழைத்த காரணத்தையும் பார்ப்போம். அதற்கு முந்திய பருவத்தில் அக்கழகத்தின் காப்பாளர் கம்ப் வோர்ஸ்லி என்பவர். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்னும் கோல்டர் பரிசைப் பெற்றவர். பரிசு பெற்றவர் ஆண்டுக்கு ஐந்நூறு டொலர் சம்பள உயர்வு கேட்டார். அதன் விளைவாகவே தாம் வான்கூவருக்கு அனுப்பப்பட்டதாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கின்றார். அவர் இடத்திற்குத்தான் பௌவர் வந்தார். வான்கூவரில் வோர்ஸ்லி அந்தச் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் திகழ்ந்து மறுஆண்டு மீண்டபோது, பௌவர் அனுப்பப்பட்ட ஊர் எது? அதே வான்கூவர்.

இவ்விருவரில் யார் யாருக்குத் தீங்கிழைத்தார்? பௌவர் கருங்காலி அல்லர்; அங்கு வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை; எட்டாண்டு உழைப்பின்பின் வந்த அழைப்பை ஏற்றார், அவ்வளவே. வோர்ஸ்லியும் உரிமையையே கேட்டார். ஆயினும் ஒருவர் உயர்வு கேட்டதன் தண்டனையே மற்றவரின் நல்வாய்ப்பாக அமைந்தது. இருவரும் நல்லவர், இருவரும் நண்பராகவும் இருந்திருக்கலாம், எனினும் ஒருவர் கையிற் கிடைத்த அப்பம் மற்றவர் கையினின்று பறிக்கப்பட்டது. தனிமனிதர் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசும் அறநூல்கள் இந்நிலையிற் பெரும்பாலும் வாய்மூடி நின்றுவிடுகின்றன. வேலையற்றோரின் சேமப் பட்டாளம் ஒன்று வாயிலில் நிற்பதனாலேயே உள்ளே உழைப்போன் கூலி உயர்வு கேட்க அஞ்சுகிறான் என்று மார்க்ஸ் விளக்கியது ஆலைத் தொழிலாளரைப் பற்றி. அதை ஐயந்திரிபற விளங்கிக்கொள்ள ஆறு இடங்கள் மட்டுமே உள்ள இத்தொழிலைப் போன்ற எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. ஏழாவது காவலன் ஒரு பந்தையும் மறிக்காமலே கழக உரிமையாளருக்கு உழைத்துக் கொண்டிருக்கிறான். கிளீவ்லன்டில் அவன் உயிரோடிருப்பதே போதும், நியூயோர்க்கில் உள்ளவன் வாயை அடைப்பதற்கு.

கழகம் பிடிக்கவில்லையேல் வேறொன்றிற்குச் செல்லலாமே என்று கேட்கத் தோன்றும். அதுவும் இயலாது. வாலிபப் பருவத்திலேயே, வயது குறைந்தவனாயிற் பெற்றோர் கையெழுத்தோடு, ‘சி’ படிவம் எனப்பட்ட தாளில் ஒப்பமிடுவித்து, அவன் தொழில் உரிமை முழுவதையும் ஒரு கழகம் தனதாக்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் உரிமை கழகத்திற்கு. விலகும் உரிமை அவனுக்கில்லை. விற்கலாம், மாற்றலாம், கீழே அனுப்பலாம். கல்விக் கந்தோரிலிருந்து இடமாற்றக் கடிதம் வந்தவுடன் பெட்டி கட்டும் ஆசிரியர்களாகிய நாம் இதனை ஓரளவு உணர்வோம். ஆயின் நாம் மேன்முறையீடு செய்யலாம். பின்னே தொழிற்சங்கம் என ஒன்று உண்டு. அவர்களுக்கு அது இல்லை.

இல்லை என்பதைவிட, இருக்க விடவில்லை என்பதே சரி. 1957 பெப்ரவரியில் டெற்றோயிற் அணியின் ரெட் லின்ட்சே ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அறிவித்தார். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று மிக எளியது: தங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் சேரும் ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்பது. உரிமையாளர் காட்ட மறுத்தனர். அவ்வாண்டு ஜூலையில் லின்ட்சே சங்கத்தின் கடைநிலை அணியாகக் கிடந்த சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். அவரோடு அதே பொதியிற் கட்டி அனுப்பப்பட்டவர் கிளென் ஹோல் என்னும் இளங் காப்பாளர். இந்த ஹோல் 1955 முதல் 1962 வரை ஓர் ஆட்டமும் தவறாது 502 ஆட்டங்கள் தொடர்ச்சியாக நின்றவர். ஒவ்வோர் ஆட்டத்தின் முன்பும் அச்சத்தினாலும் பரபரப்பினாலும் வாந்தியெடுத்தவர். அவர் ஏன் நோயென்று ஒரு நாள் விடுப்பெடுக்கவில்லை? வீரம் என்பர். விடுப்பெடுத்த நாளில் இடத்தை இழந்த காப்பாளர் கதைகளை அவர் அறியாதவரா? சங்கமோ 1958இல் சில சலுகைகளோடு கலைந்துபோயிற்று.

ஓரிரவு மட்டும் இக்கணக்குத் தலைகீழானது. 1959 நவம்பர் 1, நியூயோர்க். மொன்றியல் அணியின் ஜாக் பிளான்ட் என்னும் காப்பாளர் முகத்தில், எதிரணியின் அன்டி பாத்கேற் அடித்த தட்டுத் தாக்கி மூக்குக் கிழிந்தது. தையலிட்டு மீண்ட பிளான்ட், தாமே பயிற்சிக்கென வைத்திருந்த முகமூடி இன்றி இறங்கமாட்டேன் என்றார். முகமூடி அணிந்தவன் கோழை, அவன் கண்ணுக்குத் தட்டுத் தெரியாது என்பது பயிற்றுநர் ரோ பிளேக்கின் கொள்கை. எனினும் அவர் இணங்கினார். ஏன்? அணியில் வேறு காப்பாளர் இல்லை. நிற்பவனை விட்டால் அரங்கில் யாரோ பழக்கமற்ற ஒருவனை நிறுத்தவேண்டும். மொன்றியல் 3-1 என வென்றது. பிளான்ட்டின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த இரவில் ஏழாவது காவலன் அரங்கில் இல்லாமையே அவர் துணிவு பலித்ததன் காரணம் என்பதையும் மறைத்தல் ஆகாது. நான்கு ஆண்டுகளின்பின் பிளான்ட்டும் விற்கப்பட்டார், நியூயோர்க்குக்கு. மாற்றாக மொன்றியல் பெற்றவருள் முதன்மையானவர் நம் வோர்ஸ்லி.

திறமை உள்ளவன் எப்படியும் மேலே வருவான் என்பது நம் ஊரிலும் அடிக்கடி கேட்கும் வேதவாக்கு. இதனைச் சோதித்துப் பார்க்க இவ்விளையாட்டின் வரலாறே ஒரு பரிசோதனைச் சாலையாக உள்ளது. 1964இல் மேலிடங்கள் ஆறு. 1965-66 பருவத்திலிருந்து ஒவ்வோர் அணியும் இரு காப்பாளரை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என விதி வந்தது, இடங்கள் பன்னிரண்டாயின. 1967இல் அணிகள் ஆறிலிருந்து பன்னிரண்டாகப் பெருகின, இடங்கள் இருபத்துநான்கு. மூன்றாண்டுகளுள் தகுதியுடையோர் தொகை நான்கு மடங்காயிற்றா? தாய்மார் அவ்வளவு விரைவில் வீரரைப் பெற்றுத் தரவில்லை. முன்னமே இருந்தவர்கள்தாம்; கதிரை வந்ததும் ‘தகுதி’ வந்தது. அதிலும் சுவையானது செயின்ற் லூயிஸ் என்னும் புதிய அணியின் கதை. சிக்காகோ கைவிட்ட ஹோலும், 1965இல் ஓய்வுபெற்றுச் சென்றிருந்த பிளான்ட்டும் அங்கே சேர்ந்தனர். 1968-69 பருவத்தில் மிகக் குறைந்த கோல்களை விட்டதற்கான வெசினா கிண்ணத்தை இருவரும் பகிர்ந்தனர். ஹோலுக்கு முப்பத்தேழு வயது, பிளான்ட்டுக்கு நாற்பது. தேவையில்லை என்று வெளியே வைத்த சரக்கு!

பகிர்ந்தனர் என்றேன். அக்கிண்ணம் முதன்முதலில் இருவருக்குரியதாகியது 1965இல். ரொறன்ரோவில் அப்பருவத்தின் எழுபது ஆட்டங்களில் பௌவர் 34, ரெறி சோச்சக் 36 ஆடினர். அதுவரை ஓர் அணிக்கு ஒரு பெயரே பொறிக்கப்பட்டு வந்தது. தம் பெயர் மட்டும் பொறிப்பதாயின் எனக்கு வேண்டாம் என்று சோச்சக் சொன்னார் என்பர். இரண்டு பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஒரே இடத்துக்குப் போட்டியிடுமாறு வைக்கப்பட்ட இரு கிழவர்கள் (விளையாட்டுக் கணக்கில் கிழவர்களே: நாற்பதும் முப்பத்தைந்தும்) தம்முட் போட்டியை மறுத்தமை இவ்வரலாற்றில் நான் மிக விரும்பும் பகுதி. பொறுமையைப் பாடுவோர் இதனைப் பாடுவதில்லை.

என் வாதத்திற்கு எதிராக ஒன்று சொல்லவேண்டும். அதனைச் சொல்லாது விடுதல் நேர்மை ஆகாது. 1958இல் ரொறன்ரோ அழைத்தபோது பௌவர் உடனே மகிழ்ந்து ஓடவில்லை என்றும், கிளீவ்லன்டில் மனைவியோடு நிம்மதியாக வாழ்ந்த அவர் தயங்கினார் என்றும் கூறுவர். அப்படியாயின் அவர் காத்திருந்தார் என்று சொல்லவே நமக்கு என்ன உரிமை? அவர் அங்கே வாழ்ந்தார். தம் தொழிலைச் செய்தார். தட்டை மறித்த கை அங்கும் இங்கும் ஒன்றே. கீழ்ச்சங்கத்து ஆட்டத்தைக் காண வந்த கிளீவ்லன்ட் தொழிலாளிக்கு அது கீழான ஆட்டமாகத் தோன்றியிராது. மேலே போகாத வாழ்வெல்லாம் வீண் என்று நினைப்பது, இடதுசாரிகளாகிய நம்மையும் அறியாமல் நாம் உரிமையாளனிடம் கடன் வாங்கிய மனப்பான்மை. கிராமப் பாடசாலையில் முப்பதாண்டு கற்பித்து ஓய்வுபெறும் ஆசிரியரை ‘முன்னேறாதவர்’ என்று பேசும் நாக்கும் இதுவே. உழைப்பின் இன்பம் உழைப்பவனுக்குச் சொந்தம். அதனைக் காட்டி அவன் கூலியைக் குறைக்கும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை. எனது கோபம் பௌவரின் நிறைவின்மீது அன்று; அந்நிறைவைப் பிறருக்குப் பாடமாக்கி, வோர்ஸ்லி கேட்ட ஐந்நூறு டொலரை மறக்கச் செய்வோர்மீது.

பத்திரிகைகளுக்கு இந்த நெடிய உழைப்பினும் ஒரு நாள் அற்புதமே உகந்தது. 2020 பெப்ரவரி 22 அன்று ரொறன்ரோவில், விருந்தாளியாக வந்த கரோலைனா அணியின் இரு காப்பாளரும் காயமுற்றனர். அவசரத்திற்கென அரங்கில் இருத்தப்பட்டிருந்த டேவிட் எயர்ஸ், நாற்பத்திரண்டு வயதினர், மற்றோர் அரங்கிற் பனித்தரையைச் செப்பனிடும் வாகனம் ஓட்டியவர், இறங்கினார். பத்துத் தட்டுகளில் எட்டை மறித்தார். அணி 6-3 என வென்றது. உலகெங்கும் செய்தி. நானும் மகிழ்ந்தேன். ஆனால் ‘யாருக்கும் ஒருநாள் வாய்ப்பு வரும்’ என்று அக்கதை சொல்லப்பட்ட விதத்தில் லொத்தர்ச் சீட்டு விற்பவன் குரல் கேட்டது.

கீழ்ச்சங்கங்களில் வேறு விதமான குரலும் எழுந்தது. ஸ்பிறிங்பீல்ட் கழகத்தின் உரிமையாளர் எடி ஷோர், முன்னாளிற் புகழ்மிக்க ஆட்டக்காரர். காப்பாளன் விழுந்து மறித்தல் அவருக்குப் பிடிக்காது. ஆதலின் ஒருவனைக் கோல் சட்டத்தோடு கயிற்றாற் பிணைத்துப் பயிற்சியளித்தார் என்றும், ஆடாதவரைக் கொண்டு அரங்கிற்கு வர்ணம் பூசுவித்தார் என்றும் கதைகள் உண்டு. 1966 டிசம்பரில் அவருடைய ஆட்டக்காரர் ஆட மறுத்தனர். ஏழாவது, எட்டாவது, இருபதாவது ஆட்களாகிய இவர்களே, மேலுள்ளோர் பத்தாண்டுகளாகச் செய்யத் துணியாததைச் செய்தனர். ஷோர் ஒதுங்கவேண்டியதாயிற்று. 1967இல் மேற்சங்கத்து ஆட்டக்காரருக்கும் ஒரு தொழிற்சங்கம் நிலைபெற்றது. ஸ்பிறிங்பீல்டில் துணைநின்ற சட்டத்தரணி அலன் ஈகிள்சன் அதன் நிர்வாகப் பணிப்பாளரானார். அவரே பின்னர் ஆட்டக்காரரை ஏமாற்றிய குற்றத்தை ஒப்புக்கொண்டு 1998இற் சிறை சென்றார். தொழிற்சங்கம் பற்றிப் பேசும் நாம் இதையும் சேர்த்தே பேசவேண்டும். உரிமையாளனை நம்பாதே என்று கற்பித்த இயக்கங்கள் தம் தலைவரிடம் கணக்குக் கேட்கக் கற்பியாத குறை கனடாவுக்கு மட்டும் உரியதன்று.

1967 மே 2ஆந் திகதி மாலை ரொறன்ரோவில் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். ஒரு முனையில் மொன்றியலுக்காக வோர்ஸ்லி. மறுமுனையில் சோச்சக், நான்காவது ஆட்டத்திற்கு முந்திய பயிற்சியில் பௌவர் காயமுற்றமையால் அப்பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. ரொறன்ரோ 3-1 என வென்றது. அடுத்த மாதமே சோச்சக் லொஸ் ஏஞ்சலிஸ் அணிக்குப் போனார்; பின்னர் மீண்டும் டெற்றோயிற்; பின்னர் நியூயோர்க். இறந்துபோன தமையனின் கால்காப்புகளை அணிந்து ஆடத் தொடங்கிய அம்மனிதர், எதிரணியை ஒரு கோலும் போடவிடாத ஆட்டங்கள் 103 என்னும், 2009 வரை முறியடிக்கப்படாதிருந்த சாதனையை நிலைநாட்டியவர். முகத்தில் நானூறு தையல் பெற்றவர். 1970 மே மாதம், சக ஆட்டக்காரர் ஒருவரோடு ஏற்பட்ட கைகலப்பில் உண்டான உட்காயங்களால் நாற்பது வயதில் இறந்தார்.

ஓய்வூதிய நிதியின் கணக்கு என்னவாயிற்று? 1991இல் முன்னாள் ஆட்டக்காரர் சிலர் ஒன்ராறியோவில் வழக்குத் தொடுத்தனர். வழக்கின் தலைப்பில் முதலாவதாக உள்ள பெயர் பாத்கேற். பிளான்ட்டின் மூக்கைக் கிழித்த அதே அன்டி பாத்கேற். நிதியின் உபரிப்பணம் ஆட்டக்காரருக்கே உரியது, கழகங்கள் அதனைத் தமதாக்கியது தவறு என்று 1992இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 1957இல் லின்ட்சே காட்டும்படி கேட்ட கணக்கு முப்பத்தைந்து ஆண்டுகளின்பின் திறக்கப்பட்டபோது பிளான்ட் இறந்து ஆறு ஆண்டுகளும், சோச்சக் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகளும் ஆகியிருந்தன.